மடையைத் திறப்பது எப்போது, மூட்டையைப் பிரிப்பது எப்போது? கல்லணை முதல் கடைமடை வரை

ஜூன் மாதம் முதல் வாரத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் காதில் விழும் முதல் பேச்சு, "என்னண்ணே, மேட்டூரு எத்தனை அடி நிக்குது?" என்பதுதான். அடியைச் சொன்னதும் அடுத்த பேச்சு விதைநெல், நாற்றங்கால், நகைக்கடன் என்று போகும். மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. குருவைக்கு அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில்தான் டெல்டாக் குடும்பத்தின் வருமானம், கல்யாணம், கடன் அடைப்பு எல்லாமே அடங்கியிருக்கிறது.

அந்தத் தேதியை நம்பி உட்கார முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. 2017-ல் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2020-ல் மறுபடியும் ஜூன் 12. 2022-ல் மே 24-ம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆடிப்பெருக்குக்குச் சில நாள் முன்புதான் தண்ணீர் கல்லணையைத் தாண்டியது. அணை திறப்பது விவசாயி கையில் இல்லை. வந்த தண்ணீரை எந்த நாளில் கட்டுவது, எந்த நாளில் அடைப்பது, உரத்தை எத்தனை தடவையாகப் பிரித்துப் போடுவது என்பது மட்டும் அவர் கையில் இருக்கிறது.

கல்லணையில் நான்காகப் பிரியும் தண்ணீர்

மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று, நான்கு நாளாகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்காகப் பிரிகிறது. கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் 'புது ஆறு' என்பார்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்தபோது அதோடு சேர்ந்து வந்த கால்வாய் அது.

காவிரியும் வெண்ணாறும் பாயும் திருவையாறு, பாபநாசம், கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் பழைய டெல்டா. களி கலந்த வண்டல் மண். தண்ணீர் கட்டினால் நிற்கும். வல்லம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி எனப் புது ஆறு போகும் பக்கம் புதிய டெல்டா. செம்புறை மண்ணும் மணல் கலந்த மண்ணும் அதிகம். காலையில் கட்டிய தண்ணீர் சாயங்காலம் கீழே போய்விடும். தண்ணீரோடு யூரியாவும் போய்விடும். ஒரே காவிரித் தண்ணீர். ஆனால் பாசனக் கணக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு. பாபநாசத்துச் சம்பந்தி வீட்டில் பார்த்த வழக்கத்தை ஒரத்தநாட்டுக் கொல்லையில் செய்தால் காசுதான் கரையும்.

ஒரு தடவை கட்டினால் இரண்டு லட்சம் லிட்டர்

பழைய டெல்டாவில் நெல்லுக்குத் தண்ணீர் என்றால் வயல் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது தலைமுறைப் பழக்கம். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டினால் அதன் அளவு சுமார் 2 லட்சம் லிட்டர். ஒரு தடவை மிச்சம் பிடித்தால் அத்தனையும் மிச்சம்.

இதற்காகத்தான் 'பாய்ச்சலும் காய்ச்சலும்' முறை. ஒரு அடி நீளமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். குறுக்களவு நான்கு முதல் ஆறு அங்குலம் இருக்கலாம். அதன் கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அரையடி மண்ணுக்குள்ளும் அரையடி மேலேயும் இருக்கும்படி வரப்புக்குப் பக்கத்தில் எளிதாகப் பார்க்கக்கூடிய இடத்தில் இறக்க வேண்டும். உள்ளே அடைத்திருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், மண்ணுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது குழாயில் தெரியும். நட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து இதை ஆரம்பிக்கலாம். களை அதிகமாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். மேலே தண்ணீர் வற்றி, குழாய்க்குள் அரையடி ஆழத்துக்கு இறங்கியதும் மறுபடி இரண்டு அங்குலம் கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில், பூப்பதற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும், இந்தக் காய்ச்சல் கூடாது. வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு இதுதான். இதில் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகலாம். சரியாகச் செய்தால் மகசூல் குறைவதில்லை.

மேலே காய்ந்து தெரிவதைப் பார்த்து வயிற்றில் புளியைக் கரைப்பது இயல்புதான். வேர் இருக்கும் இடத்தில் ஈரம் இருக்கிறதா என்பதைக் குழாய் காட்டிவிடும். ஆனால் களிமண் வயலில் அகலமாக வெடிப்பு விழும் வரை விட்டுவிடக் கூடாது. வெடிப்பு விழுந்தால் அடுத்துக் கட்டும் தண்ணீர் வெடிப்பு வழியாகவே இறங்கி, மிச்சம் பிடித்ததெல்லாம் வீணாகும்.

இலையைக் கேட்டுவிட்டு யூரியா

ஆடுதுறையில் 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் நூறு ஆண்டைக் கடந்துவிட்டது. குருவைக்கு வீடு வீடாகப் பழகிய ஏ.டி.டி. 43, ஏ.டி.டி. 45 போன்ற 110 நாள் ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். இந்தக் குறுகிய வயது ரகங்களில் உரம் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பயிர் அதைத் திரும்பப் பிடிக்க நாள் இருக்காது.

காவிரி டெல்டாவில் குறுகிய வயது நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50 கிலோ. ஏக்கர் கணக்கில் தழைச்சத்து சுமார் 60 கிலோ. எல்லாவற்றையும் யூரியாவாகவே போட்டால் 45 கிலோ மூட்டை மூன்று வரும். அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டவர் ஒன்றை மறந்துவிடுவார்: அந்த 50 கிலோ மூட்டையிலேயே 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அது கிட்டத்தட்ட 20 கிலோ யூரியாவுக்குச் சமம். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

மீதியை எப்போது போடுவது என்பதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வெயில் நேராகப் படாமல் உடம்பின் நிழலில் வைத்துப் பார்ப்பது நல்லது. பத்துத் தூரில், முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு எண் 3, மற்ற ரகங்களுக்கு எண் 4. பத்தில் ஆறு இலைக்கு மேல் அந்த எண்ணைவிட வெளிறி இருந்தால் மட்டுமே யூரியா. குருவையில் ஒரு தடவைக்கு ஏக்கருக்குச் சுமார் 31 கிலோ. சம்பா, தாளடியில் சுமார் 26 கிலோ. இலை பச்சையாக இருந்தால் மூட்டையைப் பிரிக்க வேண்டாம். கரும்பச்சையாக இருப்பது வளம் என்று நினைத்து இன்னொரு அரை மூட்டை வீசினால், இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும்தான் விருந்துக்கு வரும். பயிர் சாய்ந்தால் ஐப்பசி மழையில் அறுவடை இயந்திரமும் இறங்காது.

போடும் விதமும் முக்கியம். நிறைந்த தண்ணீரில் வீசிய யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாக ஆவியாகிறது. இன்னொரு பங்கு வடிகாலில் போகிறது. தண்ணீரை வடித்து, சேறு தெரியும் பதத்தில் போட்டு, அதன்பிறகு தண்ணீர் கட்டினால் உரம் தண்ணீரோடு வேருக்கு இறங்கும். யூரியா, ஜிப்சம், வேப்பம் பிண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்று ஓர் இரவு கலந்து வைத்துப் போடுவதும் பழைய, பலன் தரும் வழி.

முறை வரும் நாளும் மேலுர நாளும்

"குழாய் சொல்லும்போது கட்டு என்கிறீர்கள், வாய்க்காலில் தண்ணீர் இருந்தால்தானே கட்ட முடியும்?" என்று கேட்பவர் கேட்பது நியாயம்தான். அணையில் இருப்பு குறைந்தால் ஆறுகளில் முறைப்பாசனம் வந்துவிடும். சில நாள் தண்ணீர், சில நாள் அடைப்பு. பல இடங்களில் வாய்க்காலிலிருந்து முதல் வயலுக்குப் பாய்ந்து, அந்த வயலின் வாய்மடை வழியாகத்தான் அடுத்த வயலுக்குப் போக வேண்டும். அங்கே ஒருவர் மட்டும் காய்ச்சல் போட முடியாது.

அதற்கு வழி, உரக் கணக்கை முறைக் கணக்கோடு பொருத்துவதுதான். முறை வருவதற்கு முந்தின நாள் வயல் ஈரமும் சேறுமாக இருக்கும். மேலுரம் போட அதுவே நல்ல நாள். மறுநாள் வரும் தண்ணீர் உரத்தை உள்ளே கொண்டுபோகும். முறை முடிந்து வயல் நிறைந்தபிறகு போடுவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். வாய்க்கால்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து பேசி ஒரே வாரத்தில் மேலுரம் போட்டால், ஒருவர் உரம் இன்னொருவர் வயலுக்குப் போகும் சண்டையும் இராது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிவுரையைக் கேட்டுவிட்டுப் போடலாம். நாளை கனமழை என்றால் மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும்.

படுகை வாழைக்கு வாரக் கணக்கு

திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வழியாகக் காவிரிக் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் போனால் நெல் விலகி வாழையும் வெற்றிலையும் வரும். படுகை மண் இலேசானது, வாழை செழிக்கும். மோட்டார் வைத்து வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிய இடங்களில் இப்போது சொட்டுநீர்க் குழாயும் ஓடுகிறது.

வாழைக்குத் தண்ணீர் அளவு வயதைப் பொறுத்தது. நட்டதிலிருந்து நான்காம் மாதம் வரை மரத்துக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 லிட்டர். ஐந்தாம் மாதத்திலிருந்து குலை தள்ளும் வரை 10 முதல் 15 லிட்டர். குலை தள்ளியபின் அறுவடைக்கு 15 நாள் முன்பு வரை 15 லிட்டர். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் மரத்துக்கு இரண்டு இருந்தால், 10 லிட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம். கரண்ட் இருக்கிறதே என்று அரை நாள் ஓடவிட்டால், வேருக்குக் கீழே இறங்கிய தண்ணீரால் மரத்துக்கு ஒரு பயனும் இல்லை.

தோட்டக்கால் வாழையில், நேந்திரன் அல்லாத ரகங்களுக்கு மரத்துக்குத் தழை 110, மணி 35, சாம்பல் 330 கிராம் என்பது பரிந்துரை. தழைச்சத்துக்கு 240 கிராம் யூரியா, சாம்பல் சத்துக்கு 550 கிராம் பொட்டாஷ். இதை மூன்று தடவையாக, 3, 5, 7-ம் மாதங்களில் குழி பறித்துப் போடுவது பழைய வழக்கம். சொட்டுநீர் வைத்திருப்பவர் அதையே மூன்றாம் மாதம் தொடங்கி 25 வாரத்துக்குப் பிரித்தால், வாரம் மரத்துக்கு யூரியா சுமார் 10 கிராம், பொட்டாஷ் 22 கிராம்தான் வரும். மணிச்சத்தை சூப்பர் பாஸ்பேட்டாக மண்ணிலேயே இட்டுவிடலாம். அதைக் குழாயில் விட்டால் அடைத்துக்கொள்ளும். குழாயில் விடுவதற்கு வெள்ளைப் பொட்டாஷ்தான் ஏற்றது. சிவப்புப் பொட்டாஷில் கரையாத கசடு இருக்கும்.

புது ஆற்றுப் பக்கம்: நிமிடக் கணக்கு

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றை நம்பிக் கத்தரி, மிளகாய், நிலக்கடலை, தென்னை வைத்திருப்பவர்கள் பலர். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகளின் நடுவே காய்கறியை நம்பிப் பிழைத்த வீடுகளும் உண்டு. இங்கே சொட்டுநீர் அமைத்தபிறகும் பலர் "தினம் இரண்டு மணி நேரம்" என்று குத்துமதிப்பாகத்தான் விடுகிறார்கள்.

கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு லிட்டர். அன்றைய ஆவியாதல் 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை 0.7 ஆல் பெருக்க 4.2 மில்லிமீட்டர். இலை மூடி வளர்ந்த கத்தரிக்கு அந்த அளவு தேவை. குழாய்க்குக் குழாய் 1.2 மீட்டர், சொட்டுவானுக்குச் சொட்டுவான் 60 சென்டிமீட்டர் என்றால் ஒரு சொட்டுவானுக்கு 0.72 சதுர மீட்டர். 4.2-ஐ 0.72-ஆல் பெருக்கினால் 3 லிட்டர். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவானுக்கு 45 நிமிடம் போதும். பயிர் சின்னதாக இருக்கும்போது அதில் பாதி. ஏக்கருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 17,000 லிட்டர். நெல் வயலில் ஒரு தடவை கட்டும் தண்ணீர் கத்தரிக்கு 12 நாளைக்கு வரும்.

மணல் மண்ணில் அந்த 45 நிமிடத்தைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரிக்கலாம். களி கலந்த மண்ணில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்த்து விடலாம். சந்தேகமாக இருந்தால் செடிக்கு அருகில் அரையடி ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பார்க்கலாம். உருண்டை பிடித்து, விரலில் தண்ணீர் ஒட்டாமல் இருந்தால் சரியான பதம். பிடிக்கும்போதே உதிர்ந்தால் நேரத்தைக் கூட்ட வேண்டும். தண்ணீர் கசிந்தால் குறைக்க வேண்டும்.

உரம் விடும் நாளில் முதலில் வெறும் தண்ணீர், நடுவில் உரக் கரைசல், கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர். 45 நிமிடத்தை மூன்று கால் மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளலாம். உரத்தை முதலிலேயே விட்டு, பிறகு நீண்ட நேரம் தண்ணீர் ஓடவிட்டால் தழைச்சத்து வேரைத் தாண்டிப் போய்விடும். சுண்ணாம்புச் சத்துள்ள உரத்தைப் பாஸ்பேட், சல்பேட் உரங்களோடு ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது. குழாயின் கடைசி மூடியை வாரம் ஒரு தடவை திறந்து கழுவிவிட வேண்டும்.

டெல்டாவில் உருளைக்கிழங்கு வருமா?

சொட்டுநீரில் உருளைக்கிழங்கு நல்ல விளைச்சல் தருகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஏக்கரில் போட்டுப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள் இருக்கலாம். உருளைக்குக் கிழங்கு வைக்க 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் குளிர்ந்த இரவு வேண்டும். தஞ்சாவூரில் மார்கழியிலும் அந்தக் குளிர் நிலைப்பதில்லை. செடி வளரும், கிழங்கு சரியாக விழாது. நீலகிரி, கொடைக்கானல், ஓசூர், தாளவாடி போன்ற இடங்களுக்கே அது ஏற்றது. குஜராத்தில் டீசாவைச் சுற்றி மணல் மண்ணில் உருளைக்குச் சொட்டுநீரும் தெளிப்புநீரும் பரவியிருப்பதும், அங்கே குளிர்காலம் குளிர்காலமாக இருப்பதால்தான்.

ஆனால் உருளைக்காரரிடம் படிக்க வேண்டிய பாடம் உண்டு. அவர் பருவம் பார்த்துத் தண்ணீர் விடுகிறார். கிழங்கு வைக்கும் நேரத்தில் ஈரம் குறைந்தால் கிழங்கின் எண்ணிக்கை குறையும். காய்ந்தும் நனைந்தும் மாறினால் கிழங்கு வெடிக்கும், கோணும். தழைச்சத்தைப் பின்னால் தள்ளிப் போட்டால் செடி பச்சை கட்டிக்கொண்டு முதிர மறுக்கும். அறுவடைக்கு முன் தண்ணீரை நிறுத்தித் தோலை முற்ற விடுகிறார். நெல்லுக்குத் தொண்டைக்கதிரும் பூவும், கடலைக்கு ஊசி இறங்கும் நேரமும், வாழைக்குக் குலை தள்ளும் நேரமும் அதே மாதிரிப் பருவங்கள். அப்போது தண்ணீர் தவறக் கூடாது. மற்ற நாளில் கையை இறுக்கிப் பிடிக்கலாம்.

கடைமடையில் கணக்கு மாறும்

தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போனால் வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளே திருவிழா. தலைமடையில் வரப்பு மறையத் தேக்கிய தண்ணீர்தான் இங்கே கருகும் பயிராகத் தெரிகிறது. மேலே உள்ளவர் குழாயைப் பார்த்துக் காய்ச்சல் போடுவதன் பலன், அவர் தன் மடையை அடைத்தால்தான் கீழே வந்துசேரும். மிச்சமான தண்ணீரை வடிகாலில் விட்டுவிட்டால் யாருக்கும் பயனில்லை.

கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. உவர் வயலில் பாய்ச்சலும் காய்ச்சலும் முறையை அப்படியே செய்யக் கூடாது. காயக் காய உப்பு மேலே வரும். அங்கே தண்ணீரை மெல்லிதாக நிறுத்தி வைப்பதே பாதுகாப்பு. உப்புக் கிணற்றுத் தண்ணீரைச் சொட்டுநீரில் விட எண்ணுபவர்கள் முதலில் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதிக்க வேண்டும். தஞ்சாவூரை அடுத்த காட்டுத்தோட்டத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு போகம் போடும் செலவுக்கு முன்னால் பரிசோதனைச் செலவு ஒன்றுமே இல்லை.

அணை மூடியபிறகும் ஒரு பயிர்

தை பிறந்து சம்பா முற்றும்போது, அறுவடைக்குப் பத்து நாள் முன்பே நின்ற நெல்லுக்குள் உளுந்தைத் தூவுவது டெல்டாவின் பழைய புத்திசாலித்தனம். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமே அதற்குப் பாசனம்; ஜனவரி 28-க்குப் பிறகு வாய்க்காலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. உரமும் இலை வழியாகத்தான். 4 கிலோ டி.ஏ.பி.யை 10 லிட்டர் தண்ணீரில் முந்தின நாள் இரவே ஊறவைத்து, தெளிந்ததை மட்டும் எடுத்து 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒரு தடவையும் 15 நாள் கழித்து ஒரு தடவையும் மாலையில் தெளித்தால் போதும்.

சொட்டுநீர் அமைக்க நினைப்பவர்களுக்கு, தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் உண்டு. சிட்டா, அடங்கல், நில வரைபடம், சிறு குறு விவசாயி சான்று, ஆதார் நகல் ஆகியவற்றோடு வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம். இலை வண்ண அட்டை பற்றியும் அங்கேயே கேட்கலாம். அடுத்த குருவைக்கு நாற்று விடுவதற்கு முன்பே ஒரு அடி பி.வி.சி. குழாயில் துளை போட்டு வைத்துவிடுங்கள். அணை எப்போது திறந்தாலும் அது உதவும்.